மூச்சும் குருதியும்

எம் உம்மா நாற்பதாண்டுகள் விறகடுப்பின் முன் ஊதுகுழலோடு வாழ்ந்தவர். அப்புகை நெஞ்சில் தங்கிற்று. இறுதி ஆண்டுகளில் தொழுகைக்கு எழுந்து நிற்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. மருத்துவமனையிலும் ஒரு குழலைத் தந்து மும்முறை ஊதச் சொன்னார்கள். இரண்டாம் முறையே இருமிச் சாய்ந்தார். முடிவில் எண் ஒன்று கிடைத்தது. காற்று நுரையீரலின் எப்பகுதியில் நுழைகிறது, குருதி எப்பகுதியில் ஓடுகிறது என்பதை அவ்வெண் உரைக்கவில்லை.

வலப்புற இதயத்துக் குருதி நுரையீரலை அடைந்து, காற்றோடு கூடி, இடப்புறம் மீள்கிறது எனக் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். குருதி வாராத இடத்திற்குக் காற்று வந்தும் வீண். காற்று வாராத இடத்திற்குக் குருதி வந்தால் உயிர்வளியின்றித் திரும்பும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே காணல் வேண்டும். கதிரியக்கப் பொருளைச் செலுத்தியே நெடுங்காலமாக இதனைக் கண்டு வருகின்றனர்.

எம்.ஆர்.ஐ. கருவி நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டே படம் வரைவது. நுரையீரலிலோ நீர் குறைவு, காற்று மிகுதி. எனவே அது இருண்டே தோன்றும். 1994இல் ஸ்டோனி புரூக், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் லேசர் ஒளியின் துணையால் செனான் வாயுவின் காந்தத் தன்மையை மிகுவித்து, உடலினின்று எடுத்த எலியின் நுரையீரலைப் படமெடுத்தனர். செனான் என்பதன் வேரான கிரேக்கச் சொல்லுக்கு அயலான் என்பது பொருள். விருந்து என்னும் நம் சொல்லும் முதற்கண் புதுமையைக் குறித்ததன்றோ! இவ்விருந்து புகுந்த அறைகள் ஒளிரும். புகாதவை இருண்டு கிடக்கும். அறைச்சுவர் கடந்து சிவப்பணுவினுள் சேர்ந்த செனானின் அதிர்வெண் வேறுபடுவதால், கடந்த அளவையும் அறியலாம். காற்றோட்டத்தைக் காண இவ்வாயுவைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

ஆயினும் செனானை உள்ளிழுத்துச் சில நொடிகள் மூச்சை அடக்க வேண்டும். எம்மைப் பெரிதும் ஈர்த்தது மற்றொரு முறை. அதற்கு வாயுவும் வேண்டா, ஊசியும் வேண்டா. நோயாளி இயல்பாக மூச்சுவிட்டுப் படுத்திருக்க, நொடிக்குச் சில படங்களாகத் தொடர்ந்து எடுப்பர். காற்று உட்புக நுரையீரல் விரிந்து படம் மங்கும். வெளியேற ஒளி கூடும். ஒவ்வொரு துடிப்பிலும் பாயும் புதுக்குருதி மற்றொரு நுண்ணிய மாற்றத்தை விளைக்கும். மூச்சின் தாளம் மெல்லியது. இதயத்தின் தாளம் விரைவானது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியர் வகுத்த வழியால் இவ்விரு தாளங்களையும் பிரித்தெடுத்தால், ஒரே பதிவினின்று காற்றுக்கு ஒரு படமும் குருதிக்கு ஒரு படமும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, எங்கே அவை கூடுகின்றன, எங்கே பிரிகின்றன எனக் காணலாம்.

உம்மாவால் மூச்சை அடக்கவும் இயலாது, வேகமாக ஊதவும் இயலாது. சற்று நேரம் படுத்து மூச்சுவிடச் சொல்லியிருந்தால் செய்திருப்பார்.