எண் 28

சில ஆண்டுகளுக்கு முன், நான் எழுதிய நிரல் சொன்ன பொய்யை நம்பி, உடன் பணியாற்றிய நண்பர் தம் பழைய காப்புப் பிரதிகளை அழித்துவிட்டார். பொய் என்பதைவிடப் பிழையான மொழிபெயர்ப்பு என்பதே பொருந்தும்.

இயங்குதளம் தன் மறுப்புகளை எண்களாகவே தெரிவிக்கும். லினக்ஸில் 2 என்றால் கேட்ட கோப்பு இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. இவ்வெண்கள் ஒவ்வொன்றுக்கும் நிரல்மொழியில் ஓர் ‘எக்ஸெப்ஷனை’, அதாவது பெயருள்ள ஒரு பிழையைப் பொருத்தும் வேலை எனக்கு வாய்த்தது. சொற்களில் பித்துள்ளவனுக்கு உவப்பான பணி. 28-க்கு நான் இட்ட பெயர் ‘டிஸ்க் நிறைந்துவிட்டது’. கையேட்டின் பொருளும் ஏறத்தாழ அதுவே. பெயர் கிடைத்தபின் எண் எதற்கென்று அதைக் கைவிட்டேன்.

ஓரிரவு நண்பரின் திரையில் அச்செய்தி தோன்றியது. இடம் வேண்டிப் பழையவற்றை அழித்தார். செய்தி அகலவில்லை. மறுநாள் பார்த்தால், டிஸ்கில் தாராளமாக இடம் இருந்தது. கோப்புகளில் நிகழும் மாற்றங்களைக் கண்காணிக்க லினக்ஸில் ‘ஐநோட்டிஃபை’ என்றொரு வசதி உண்டு. ஒரு பயனர் எத்தனை கண்காணிப்புகளை வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. அவ்வரம்பு தீர்ந்தாலும் இயங்குதளம் சொல்வது 28தான். கோப்புகளின் விவரங்களைத் தாங்கும் ‘ஐநோடுகள்’ தீர்ந்தாலும் அதே 28. ஓர் எண்ணுக்குள் பல பொருள்கள்; நான் அறிந்திருந்தது ஒன்றை மட்டுமே.

2012-இல் வெளியான பைத்தான் 3.3 இதே வேலையை எவ்வாறு செய்தது என்பதைப் பின்னர்தான் கூர்ந்து படித்தேன். 2-க்கு ‘ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்’ என்ற தனிப்பெயர். ‘இச்செயலே உனக்கு ஆகாது’ என்னும் 1-உம், ‘இக்கோப்பைத் தொட அனுமதியில்லை’ என்னும் 13-உம் ‘பெர்மிஷன்எரர்’ என்ற ஒரே பெயருக்குள் அடக்கம். 28-க்கோ தனிப்பெயரே இல்லை. பொதுவான ‘ஓஎஸ்எரர்’ என்பதோடு நின்றுவிடுகிறது. எந்தப் பெயரைச் சூட்டினாலும், மூல எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பாளனின் அடக்கத்தை நான் கண்டது அங்கேதான்.

என் நிரலைத் திருத்தினேன். எந்தச் செயலின்போது பிழை நேர்ந்தது, இயங்குதளம் தந்த எண் என்ன என்று இப்போது அது சொல்கிறது. அழகில்லாத வாக்கியம்தான், ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதில்லை.

அழிந்தவை மீளவில்லை. நண்பர் கடிந்துகொள்ளவும் இல்லை. “நீங்க எழுதுன மெசேஜ்தானே, நம்பிட்டேன்” என்றார்.