எள்ளை மறந்த எண்ணெய்

பொருள் விரிவுக்கு மொழியியல் வகுப்புகளில் வழக்கமாகக் காட்டப்படும் சான்று ‘எண்ணெய்’. எள்ளின் நெய்யை மட்டும் குறித்த சொல், பின்னர் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என விரிந்தது. இன்று அதைச் சொல்லும்போது எள் யாருக்கும் நினைவில் வருவதில்லை. நிறுவனங்களின் பெயர்களும் இவ்வாறே விரிகின்றன.

கள ஆய்வுக்காகக் கல்லாற்றில் தங்கியிருக்கிறேன். இங்கிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலையில் ரப்பர் தோட்டங்கள் பல. நகரை நெருங்கும்போது பேரூர்க்கடை வரும். 1966இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை அங்கேதான் இருக்கிறது. குடும்பநலத் திட்டத்துக்காக ரப்பர் பாலிலிருந்து ஆணுறை தயாரிக்கும் பணி, ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் 1969இல் தொடங்கியது. பின்னர் கருத்தடை மாத்திரை, இரத்தப் பை, அறுவைத் தையல் இழை, மருந்துக் கடை, நோயறி ஆய்வகம் என அது கிளைத்தது. 2009இல் பெயர் எச்.எல்.எல். லைஃப்கேர் ஆனது. ‘லேட்டக்ஸ்’ ஓர் எழுத்துக்குள் ஒடுங்கிவிட்டது.

எம்.ஆர்.எஃப். கதை வேறு. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ரப்பருக்கும், அறுபதுகளின் தொடக்கத்தில் டயருக்கும் நகர்ந்தார். சந்தையைப் பின்தொடர்ந்து பண்டம் மாறியது. மூலப்பொருளும் அதைக் கையாளும் தேர்ச்சியும் தொடர்ந்தன. எச்.எல்.எல். மூலப்பொருளையே கடந்தது. ஆயினும் பொதுச் சுகாதாரம் என்ற களத்தையும், அதில் ஈட்டிய அனுபவத்தையும் அது விடவில்லை. இரண்டு விரிவுகளுக்கும் அடியில் ஏதோ ஒன்று மாறாமல் இருந்திருக்கிறது.

இதை நான் எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மொழியியல் ஆய்வாளர்களும் இன்று சந்தையை நோக்கி நகரும்படி அறிவுறுத்தப்படுகிறோம். காணி மக்களின் பேச்சைப் பதிவு செய்யும் என்னிடமும், கணினி மொழியியலுக்கு மாறினால் வேலை கிடைக்குமே என்கிறார்கள். அந்த அறிவுரையில் நியாயம் இருக்கிறது. உதவித்தொகை என்றைக்கும் வராது. ஆனால், மாறும்போது எதை உடன் கொண்டுசெல்வது என்பதை யாரும் கேட்பதில்லை. பேசுவோர் முன் அமர்ந்து, அவர் சொல்லும் ஒலியைப் பிழையறக் கேட்டு, பொருளை அவரிடமே உறுதிசெய்துகொள்ளும் பயிற்சிதான் நம் துறையின் மூலப்பொருள். எழுத்துத் தரவு மிகக் குறைவாக உள்ள மொழிகளுக்கு, கணினிக்கு ஊட்டும் தரவும் அந்தப் பயிற்சி வழியாகவே வர வேண்டும்.

துறையின் பெயர் மாறட்டும், பாடத்திட்டம் விரியட்டும். ஆனால் புதிய பாடத்திட்டத்தை வரைவோர் கள ஆய்வுத் தாளை விருப்பப்பாடமாக ஒதுக்குமுன், இந்த இரு நிறுவனங்களின் வரலாற்றையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.