வைரஸ் தொடாத செல்லும் சாகுது, எப்படி?

"காய்ச்சல் விட்டு இருபது நாளாச்சு சார். அப்புறமும் ஏன் புள்ள கை இப்படி முறுக்கிக்கிட்டே இருக்கு?"

பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு அம்மா கேட்டாங்க. பையனுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல். "வைரஸ் மூளையைப் பாதிச்சிருச்சும்மா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். பொய் இல்லைங்க. ஆனா பாதி பதில்தான். மீதியை இந்த இழையில் சொல்றேன்.

எனக்கு ஊர் தருமபுரம். மயிலாடுதுறை ஆதீனம் இருக்கே, அது இல்லை; காரைக்கால்ல இருந்து திருநள்ளாறு போற வழியில், யாழ்முரிநாதர் கோயில் இருக்கிற ஊர். டெல்டாவின் கடைக்கோடி. தண்ணி நிக்கிற வயலும் கொக்கும் எங்களுக்கு அழகு. இந்த வைரஸுக்கு அதுதான் வீடு. க்யூலெக்ஸ் கொசு நெல்வயல் தண்ணியில் பெருகும். வைரஸ் கொக்கு, நாரை, பன்றி உடம்பில் பெருகி, கொசு வழியா நமக்கு வரும். மனுசங்ககிட்ட இருந்து மனுசங்களுக்குத் தொத்தாது. இந்தியாவில் இந்த நோய் முதலில் தெரியவந்தது 1955-ல், நம்ம வேலூர்ப் பக்கம்.

தொற்றிய 250 பேரில் சுமார் ஒருவருக்குத்தான் நோய் முத்தும். முத்தினா 30 சதவீதம் வரை இறப்பு. பிழைச்சவங்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு வலிப்பு, பேச்சுக் குறை, கைகால் முடக்கம்னு ஏதோ ஒண்ணு தங்கிடுது.

இப்போ விட்டுப்போன பாதி. மூளையில் மைக்ரோக்ளியான்னு காவல் செல்கள் உண்டு. நம்ம உடம்பின் செல்கள் நுண்ணிய குமிழிகளை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். எக்ஸோசோம்னு பேர். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் துண்டாக்கினா ஒரு துண்டு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. 1980-களில் கண்டுபிடிச்சப்போ செல்லோட குப்பைப் பைன்னுதான் நினைச்சாங்க. குப்பை இல்ல, தபால். உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ. துண்டுகளும் இருக்கும், பக்கத்துச் செல் வாங்கிப் பிரிச்சா அதுக்கேத்த மாதிரி நடந்துக்கும்.

ஃபரிதாபாத் டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் தாக்கிய மைக்ரோக்ளியாவின் குமிழிகளில் லெட்-7ஏ, லெட்-7பி என்ற சின்ன ஆர்.என்.ஏ.க்கள் இருந்தன. அந்தக் குமிழிகளை, வைரஸ் தாக்காத நரம்புச் செல்கள் மேல் விட்டாங்க. செல்லைச் சாகடிக்கும் காஸ்பேஸ் நொதிகள் விழிச்சு, அந்தச் செல்களும் செத்தன. வைரஸ் ஒரு வீட்டுக்குத்தான் தீ வெச்சது. பொறி பறந்து அடுத்த கூரையும் பத்திக்கிச்சு.

இது ஆய்வகத்திலும் எலியிலும் பார்த்தது. அந்தப் பையனுக்கு இதுதான் நடந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா காய்ச்சல் இறங்கினதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறதை அதுக்கப்புறம் விட்டுட்டேன்.

வைரஸுக்கும் மருந்து இல்ல, இந்தக் குமிழியைத் தடுக்கவும் மருந்து இல்ல. தடுப்பூசி இருக்கு. நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் அரசே இலவசமா போடுது, 9 மாதத்தில் ஒண்ணு, 16–24 மாதத்தில் இன்னொண்ணு. உங்க மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கான்னு கிராம செவிலியரைக் கேளுங்க. இருந்தா, புள்ளையோட அட்டையில் ரெண்டாவது தேதி விழுந்திருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. முதல் ஊசியோட நிறுத்தினவங்களை நான் நிறையவே பார்த்துட்டேன்.