தங்கவயலில் ஒற்றைக்கால்

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் சாப்பாட்டு டப்பா, தோளில் பை, சிலர் கழுத்தில் அடையாள அட்டை. எல்லோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிவது சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த நகரத்தின் தயவால்தான். தங்கச் சுரங்கங்களுக்காக 1894இல் பங்காருபேட்டையிலிருந்து போட்ட ரயில் பாதை, இப்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இரவில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது.

தங்கவயலில் எடுக்க வேண்டிய படங்களில் முதலிடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன். ஆனால் எடுப்பது சுலபமில்லை. வெளிச்சம் போதாது. பிளாஷ் அடித்தால் அரைத் தூக்கத்தில் இருக்கும் முகங்களெல்லாம் திடுக்கிட்டுத் திரும்பும். டிரைபாட் எனும் முக்காலியை விரித்தாலோ, அவசரமாக ஓடி வருகிறவர்கள் அதில் தடுக்கி விழுவார்கள். இந்த மாதிரி இடங்களுக்கென்றே இருப்பது மோனோபாட். மடக்கி நீட்டக்கூடிய ஒற்றைக்கால் கோல். அதன் ஒரு காலும் நம் இரண்டு கால்களும் சேர்ந்து ஒரு முக்காலியாகிவிடும். கையில் பிடித்தால் நடுங்கிவிடும் 1/15 நொடிப் படத்தைக்கூடக் கோலின் துணையோடு எடுத்துவிடலாம். நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இப்போது காமிராவுக்குள்ளேயே வந்துவிட்டது. இனிக் கோல் எதற்கு என்று கேட்கலாம். கனமான லென்ஸை அரை மணி நேரம் கண்ணருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

கோலை வாங்கப் போனால் அடுத்த கேள்வி அங்கேயே வந்துவிடும்: மேலே ஒரு ‘ஹெட்’ மாட்ட வேண்டாமா? கோலின் நுனியில் இருப்பது வெறும் திருகு. கால் அங்குலத் திருகில் காமிராவை நேராக மாட்டிவிடலாம். அல்லது நடுவே ஒரு தலையைப் பொருத்தி, அதன் மேல் காமிராவை வைக்கலாம். தலைகளில் பிரபலமானது ‘பால் ஹெட்’. ஒரு குமிழ், அதை இறுக்க ஒரு திருகு. தளர்த்தினால் காமிரா எந்தப் பக்கமும் திரும்பும். முக்காலிக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் முக்காலி அசையாது. அசைய வேண்டியது தலைதான். கோலின் கதை வேறு. இடம் வலமாகத் திருப்ப வேண்டுமா? கோலையே சுழற்றினால் போதும். அடிவானம் சாய்ந்திருக்கிறதா? கோலைப் பக்கவாட்டில் சற்றுச் சாய்க்கலாம். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே பார்க்கவும் அதே வித்தைதான். முக்காலியின் தலை செய்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றைக் கோலே செய்துவிடும்போது, மேலே இன்னொரு குமிழ் எதற்கு? அது கூடுதல் எடை, கூடுதலாக ஓர் ஆட்டம். நீள லென்ஸை மாட்டி, இறுக்க மறந்தால் லென்ஸ் பொத்தென்று கவிழ்ந்து விரலைப் பதம் பார்க்கும்.

மாரிக்குப்பம் நடைமேடையில் தலையில்லாத கோலே போதும். எடுக்க வேண்டிய முகங்கள் எல்லாம் நம் கண்மட்டத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் ஊருக்குள் நடந்ததும் தலை நிமிர வேண்டியிருக்கிறது. காரணம், சுரங்க வாய்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள். இவற்றுக்கு ஹெட்கியர் என்று பெயர். சுரங்கத்துக்கும் தலை உண்டு. ஆட்களும் கல்லும் ஏறி இறங்கிய கூண்டுகளின் கம்பிவடம், உச்சியிலுள்ள பெரிய கப்பிச் சக்கரத்தைச் சுற்றித்தான் போய் வந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு பூமிக்குள் இறங்க ஆரம்பித்தவர்கள், சாம்பியன் ரீஃப்பில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டார்கள். சுமார் 120 வருஷத்தில் மேலே வந்த தங்கம் ஏறக்குறைய 800 டன். இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை: அதே சாம்பியன் ரீஃப்பில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த கருவிகள்தான் 1965இல், காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்து வரும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தன. உலகில் அது முதல் பதிவுகளில் ஒன்று. இன்று அந்த ஆழமெல்லாம் தண்ணீர். காமிராவுக்கு மிஞ்சியிருப்பது மேலே தெரியும் இரும்புதான்.

அந்த இரும்பைத் தலையில்லாத கோலால் எடுப்பதுதான் சிரமம். கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்தில் நின்றால், உச்சிச் சக்கரத்தைப் பார்க்க ஏறக்குறைய 45 டிகிரி அண்ணாக்க வேண்டும். கோலின் அடியை முன்னே தள்ளி நுனியை நம் பக்கம் சாய்த்தால் காமிரா மேலே பார்க்கும், வாஸ்தவம். ஆனால் 20 டிகிரியைத் தாண்டியதும் கோல் வழுக்கப் பார்க்கிறது. நாம் குனிந்து முழங்காலை மடக்க வேண்டியிருக்கிறது. கோல் தாங்கியாக இருப்பது போய் நாம்தான் அதைத் தாங்கிக்கொண்டிருப்போம். இங்கே தலை வேண்டும். அதற்கும் பந்து வேண்டியதில்லை. மேலும் கீழும் மட்டும் சாயும் ஒற்றைக் கீல், அதாவது ‘டில்ட் ஹெட்’ போதும். கோல் செங்குத்தாக நிற்கும், காமிரா மட்டும் அண்ணாக்கும்.

சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாறையில் துளை போடும் இயந்திரத்துக்கும் ஒற்றைக்கால்தான். காற்றழுத்தத்தில் நீளும் அந்தக் கால் இயந்திரத்தோடு சேருமிடத்தில் கீல் இருக்கும். இல்லாவிட்டால் தலைக்கு மேலே உள்ள பாறையை எந்தக் கோணத்தில் துளைப்பது? பார்க்க வேண்டிய திசை ஏறுமுகமாக இருந்தால் கீல் வேண்டும் என்பது அவர்கள் உடம்பால் அறிந்த பாடம். அந்த இயந்திரத்தின் தூசியைச் சுவாசித்த நுரையீரல்கள் பட்ட பாடு வேறு கதை. சிலிகோசிஸ் என்ற சொல் இந்த ஊரில் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

இன்னொரு சங்கடம், படத்தை நெட்டுவாக்கில் எடுப்பது. கோபுரம் நெட்டையானது, காமிராவைத் திருப்பித்தான் ஆக வேண்டும். வெறும் கோலில் அது முடியாது, கோலைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால் ஒழிய. கழுத்துப்பட்டை வளையம் உள்ள பெரிய லென்ஸ் என்றால் கவலையில்லை. வளையத்தைத் தளர்த்தி லென்ஸையே சுழற்றலாம். சாதாரண லென்ஸ் என்றால் ‘எல்’ வடிவத் தகடு ஒன்றைக் காமிராவில் பொருத்தி, வேண்டும்போது பக்கவாட்டுத் திருகோட்டையில் மாட்டிக்கொள்ளலாம். பால் ஹெட்டுக்கு ஆதரவாக வைக்கத் தகுந்த ஒரே வாதம் இந்தத் திருப்பல்தான். தகடு அதையும் அடித்துவிடுகிறது.

பந்துக்கு எதிரான சாட்சியம் சைனைடு மேடுகளில் இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய அரைத்த பாறைத் தூள், மூன்று கோடி டன்னுக்கும் மேல், ஊரை ஒட்டிக் குன்று குன்றாகக் கிடக்கிறது. மழை அரித்த ஓடைகளும் முகடுகளுமாக, பார்ப்பதற்கு வேற்றுக்கிரகம். 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்.’ கன்னடப் படத்துக்குப் பிறகு இந்த மேடுகளைத் தெரியாதவர் இந்தியாவில் குறைவு. காற்றடிக்கும் மாதங்களில் இந்த மாவு போன்ற தூள் பறந்து வீட்டுச் சோற்றுப் பானை வரை போகிறது. குமிழுக்குள் புகுந்தால் நறநறவென்று அரைக்கும். வழவழப்பாக நகர வேண்டிய பந்து தத்தித் தத்தி நகரும். மூட்டுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கோலின் அடியில் ரப்பர் குமிழே இருக்கட்டும். கூர்முனையை நீட்டினால் பொருக்குத் தட்டிய மேற்பரப்பைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

கோபுரமும் மேடும் எடுத்தாயிற்று. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர் அத்துடன் ராபர்ட்சன்பேட்டையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய படங்களைப் பார்த்தால் இது பாழடைந்த ஊர், ஆள் இல்லாத ஊர் என்று தோன்றும். நிமிர்ந்தே பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காமிராவை இறக்கினால் லைன் வீடுகள் தெரியும். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய ஒற்றையறைக் குடியிருப்புகள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், பேச்சு தமிழ். அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது சாம்பியன் ரீஃப்பின் சித்தார்த்தா புத்தகசாலை. அவருக்குப் பின் நின்றுபோன ‘தமிழன்’ பத்திரிகை மறுபடி உயிர்பெற்றதும் 1920களில் இந்தத் தங்கவயலில்தான். பகலில் பாறை வெட்டிவிட்டு இரவில் பௌத்தம் படித்தவர்களின் தெருக்கள் இவை.

இந்த ஊரின் நிலைமையைக் கொஞ்சமாவது மாற்றிய படங்களும் கோபுரப் படங்கள் அல்ல. சுரங்கக் கம்பெனியின் குடியிருப்புகளில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. மனிதர்கள் மலத்தைக் கையால் அள்ளினார்கள். அந்த வேலை செய்த குடும்பம் ஒன்றில் 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1980களில் அவர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களால் பயனில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. அந்தக் காலகட்டத்தில், கக்கூஸ்களையும் அங்கே வேலை செய்தவர்களையும் காட்டும் படங்களோடு பெங்களூரின் ஆங்கில நாளேட்டில் கட்டுரை வெளியானது. அதன் பிறகுதான் நிர்வாகம் கூடிப் பேசி, கக்கூஸ்களை மாற்றவும் தொழிலாளர்களுக்கு வேறு வேலை தரவும் ஒப்புக்கொண்டது. வில்சனுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னால் அந்தப் படங்கள் இருந்தன என்பது அவ்வளவாக நினைவில் இல்லை.

ஆக, என் கணக்கு இது: கோல் எப்போதும் தலையில்லாமல் கையில்; ஒற்றைக் கீல் பையின் பக்க அறையில்; பால் ஹெட் வீட்டில் முக்காலியோடு. கோபுரத்தடிக்குப் போகும்போது மட்டும் கீலை மாட்டினால் போதும், இரண்டு நிமிஷ வேலை. கோலின் நுனித் திருகு 3/8 அங்குலமா, கால் அங்குலமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது உத்தமம். கீலின் அடியில் பெரும்பாலும் 3/8 இருக்கும். காமிராவின் அடியில் கால் அங்குலம். பல கோல்களில் திருகைத் தலைகீழாகப் போட்டு இரண்டுக்கும் பயன்படுத்தலாம். மற்றவற்றுக்கு மாற்றுத் திருகு வேண்டும், அது மாரிக்குப்பத்தில் கிடைக்காது.

சுரங்க வளாகங்கள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் காவலில் இருக்கின்றன. முன்கூட்டி அனுமதி வாங்காமல் வேலியைத் தாண்டக் கூடாது. பழைய குழிகளின் ஓரத்தில் கோலை ஊன்றிப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம். இரவுக் காட்சிக்கு, பல நொடிகள் திறந்து வைக்கும் படத்துக்கு, கோல் உதவாது, முக்காலிதான். அதை விரித்ததும் “எந்தப் படத்துக்கு ஷூட்டிங்?” என்று பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள். லைன் தெருக்களில் கோலோடு நின்றால் அப்படி யாரும் கேட்பதில்லை. திண்ணையில் இருப்பவர்கள் என்ன எடுக்கிறாய் என்று விசாரிப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள். சில வீடுகளில் டீ வரும். கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்காரலாம்.