காசு கொடுத்துச் சுமை

"பெண்களுக்கு உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறேன்" என்று சொன்னால், எல்லோரும் முதலில் என் புஜத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது.

2019-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஊர் பெருத்தது, ஊரோடு நாங்களும் பெருத்தோம். ஆண்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போக எங்கள் தெருப் பெண்களுக்குக் கூச்சம். நானோ தேகப்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பழைய அரிசி மண்டியை வாடகைக்கு எடுத்தேன். என் வளையல்கள் நான்கும் வங்கிக்குப் போயின. அவற்றுக்குப் பதில் இரும்புக் குண்டுகள் வந்தன.

"ஆட்டுக்கல்லை விட்டாச்சு, உலக்கையை விட்டாச்சு. இப்போது காசு கொடுத்து இரும்பைத் தூக்கணுமாக்கும்!" என்றார் என் மாமியார்.

முதல் மாதம் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு அக்காவுக்கு அடுத்த மாதம் பெண்ணின் கல்யாணம். "அதற்குள் இளைக்க வேண்டும்" என்றார். நல்ல பெயர் எடுக்க எனக்கும் அவசரம். முதல் நாளே பத்துக் கிலோவைக் கையில் கொடுத்து, மூச்சு வாங்க வாங்க பஸ்கி போட வைத்தேன். மறுநாள் அவரால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்தார். குற்றம் முழுக்க என்னுடையது. செய்தி தெருவெல்லாம் பரவியது. பதினான்கு பேர் நான்கு பேரானார்கள். இரவில் விழித்துக்கொண்டு வாடகையைக் கணக்குப் பார்ப்பேன்.

அது பங்குனி மாதம். கல்வராயன் மலையிலிருந்து புளி இறங்கும் காலம். ஒருநாள், வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். விலை படியாத புளி மூட்டை ஒன்று தலையில் இருந்தது. அதைத் தானே இறக்கி வைத்துவிட்டு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, இதையெல்லாம் எங்கே கொண்டு போகணும்?"

"எங்கேயும் இல்லை. பலத்துக்காகத் தூக்குகிறோம்."

"கூலி எவ்வளவு?"

"கூலி கிடையாது. இவர்கள்தான் எனக்குக் கொடுக்கிறார்கள்."

"காசு கொடுத்துச் சுமை தூக்குறாங்களா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூட்டையைத் தராசில் வைத்தோம். இருபத்து நான்கு கிலோ! எப்படிப் பழகினாள் என்று கேட்டேன். "அஞ்சு வயசிலே எங்கம்மா ஒரு சின்னச் செம்பிலே தண்ணி கொடுத்துத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் சின்னக் குடம். அப்புறம் பெரிய குடம். மூட்டையை எடுத்த எடுப்பிலே யாரும்மா தூக்குவாங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் மைலோ என்ற கிரேக்க மல்யுத்த வீரன் இருந்தான். ஒரு கன்றுக்குட்டியை அவன் தினமும் தூக்கி வந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் காளையையே தூக்கினானாம். இந்தக் கதையைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டவள்தான் நான். ஆனால் அந்த அக்காவிடம் முதல் நாளே காளையைக் கொடுத்துவிட்டேன்!

அந்தக் காலத்தில் பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சி நிலையம் நடத்திய கே. வி. ஐயர், தபால் மூலமே பாடம் அனுப்பித் தேகப்பயிற்சி கற்றுக் கொடுத்தவர். தூரத்திலிருக்கும் மாணவருக்குப் பாடம் எழுத வேண்டுமானால், அவர் உடம்பின் கணக்கு கையில் இருக்க வேண்டாமா? நானும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் இரண்டு வாரம் இரும்பே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருப்பதுதான் பாடம். பிறகு தண்ணீர் பாட்டில்; பிறகு ஒரு கிலோ. பன்னிரண்டு தடவை சிரமமின்றித் தூக்கினால்தான் அடுத்த எடை.

இது வெறும் அழகுக்காக அல்ல, சகோதரிகளே! வயது ஏற ஏறத் தசை குறைகிறது; மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. நடப்பதோடு நிற்காமல், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வீட்டு வேலையில் களைப்பு வரும். ஆனால் தினமும் அதே குடம், அதே துடைப்பம் என்றால் பலம் மேலே ஏறுவதில்லை.

அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் முடிந்ததும் அவரே திரும்பி வந்தார். கூட இரண்டு சம்பந்தி வீட்டுப் பெண்களையும் அழைத்து வந்தார். இன்று முப்பத்தொரு பேர் வருகிறார்கள். இரண்டு வளையல்களை மீட்டுவிட்டேன். இன்னும் இரண்டு பாக்கி.

போன வாரம் சற்று முன்னதாக வீடு திரும்பினேன். கூடத்தில் மாமியார் நாற்காலியில் உட்காருவதும், கை ஊன்றாமல் எழுந்திருப்பதுமாக இருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை இது?" என்றேன்.

"பதினொன்று... பன்னிரண்டு. இதோ பார், நான் காசு கீசு தரமாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்!" என்றார்.