மகளைப் பார்க்கப் போகும் ஊர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் பல வீடுகளில் "பொண்ணு எங்கே இருக்கு?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: "கம்பெனியில." கிரிவலப் பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலையாக இருந்தாலும் சரி, செங்கம் பக்கத்து மானாவாரிக் கிராமமாக இருந்தாலும் சரி, அந்தக் 'கம்பெனி' பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான் இருக்கும். பிள்ளை லீவில் வருவதற்குள் மனசு கேட்காமல், முறுக்கும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு பெற்றவர்களே ஒருநாள் கிளம்பிவிடுவார்கள். அப்படிப் போகிறவர்கள் ஹாஸ்டல் வாசலில் பார்த்துப் பேசிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். அது ஒரு நஷ்டம். ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டிய ஊர் அது.

சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து பஸ் மாறினால் சுங்குவார்சத்திரம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். சென்னையிலிருந்து என்றால் பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். வழியில் பூந்தமல்லி திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். திருமழிசை, பெயரே சொல்லிவிடுகிறது, திருமழிசையாழ்வாரின் ஊர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்கிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது. இந்தச் சாலை தொழிற்சாலைகளுக்காகப் பிறந்தது இல்லை.

முதலில் கோயிலுக்குப் போய்விட வேண்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆதிகேசவப் பெருமாள், யதிராஜநாதவல்லித் தாயார். ஊரின் பழைய பெயர் பூதபுரி. சிவபெருமான் ஆடியபோது சிரித்துவிட்ட பூதகணங்கள் சாபம் பெற்று, இங்கே வந்து பெருமாளை வேண்டி விமோசனம் அடைந்தன என்கிறது தலபுராணம். ஆனால் கூட்டம் அதிகம் நிற்பது ராமானுஜர் சந்நிதியில்தான். 1017-ல் சித்திரைத் திருவாதிரையில் அவர் பிறந்த மண் இது. அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பட்டு, அவரே கட்டித் தழுவிக்கொண்டதாகச் சொல்லப்படும் திருமேனி இங்கே இருக்கிறது. அதனால் 'தானுகந்த திருமேனி' என்று பெயர். ஆயிரமாவது ஆண்டை 2017-ல் ஊரே திரண்டு கொண்டாடியது.

பிறப்பால் தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கிய திருக்கச்சி நம்பியைக் குருவாக மதித்து, வீட்டுக்குச் சாப்பிட அழைத்தவர் ராமானுஜர். தனக்கு மட்டும் சொல்லப்பட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னவர். இந்த ஊருக்கு இப்போது பிழைக்க வரும் பிள்ளைகள் எந்தச் சாதி, எந்த மாநிலம் என்று கணக்கெடுத்தால், அவருக்கு ஊர் அந்நியமாகத் தோன்றாது.

கோயிலை விட்டு வெளியே வந்தால் காட்சி மாறிவிடும். இந்தியில் போர்டு, கொரிய எழுத்தில் ஹோட்டல் பெயர், பிரியாணிக் கடை, செல்போன் கடை, 'பெண்களுக்கு மட்டும் ரூம் வாடகைக்கு' என்று சுவரில் ஒட்டிய தாள். கொரிய எழுத்து வந்த கதை 1996-ல் தொடங்குகிறது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அந்த ஆண்டு அடிக்கல் நாட்டியது. 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பிறகு 2006-ல் நோக்கியா. பிளஸ் டூ முடித்த கையோடு வந்த கிராமத்துப் பெண்கள் நீலச் சீருடையும் அடையாள அட்டையுமாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். தமிழ்நாட்டில் அநேக வீடுகளில் முதல் செல்போன் நோக்கியாதான். அதைச் செய்த கைகளில் பல, செங்கத்துக் கைகளாகவும் செய்யாற்றுக் கைகளாகவும் இருந்தன.

எட்டே வருஷம். வருமான வரித் துறையோடு வழக்கு, சொத்து முடக்கம், உலகச் சந்தையில் சரிவு. நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபதுகளில் இருக்கும் பெண்ணுக்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்தது யாரோ தெரியவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி ஆலை நின்றது. அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கானும் அதையொட்டியே மூடியது. வாடகை அறைகள் காலியாகின. மெஸ்கள் அடுப்பை அணைத்தன. ஊர் அத்தோடு முடிந்தது என்றுதான் பேச்சு.

இதே பேச்சு அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பின்லாந்தில் சலோ என்ற சிறு நகரத்தில் நடந்தது. நோக்கியா தன் சொந்த நாட்டில் வைத்திருந்த செல்போன் ஆலை அங்கே இருந்தது. உற்பத்தியை ஆசியாவுக்கு மாற்றுகிறோம் என்று 2012-ல் அதை மூடினார்கள். அங்கே போன வேலை ஆசியப் பக்கம் வந்தது. பிறகு இங்கேயும் நிற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பாழடைந்து கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை 2019-ல் எடுத்துக்கொண்ட சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனமும் அதே சலோவைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்ததுதான். 2020-ல் விளக்குகள் மறுபடி எரிந்தன. ஃபாக்ஸ்கானும் திரும்பி வந்து, 2019 முதல் சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் பூட்டுகிறது. பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள், அதிகமும் பெண்கள்.

ஊர் எழுந்துவிட்டது. ஆனால் 2014-ல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுக்கு அதற்குள் கல்யாணம், குழந்தை. ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024-ல் ஒரு செய்தி வந்து பெரிய சர்ச்சையானது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. மறுவாழ்வு ஆலைக்கு வந்த வேகத்தில் ஆட்களுக்கு வரவில்லை என்பதை மட்டும் அங்கே பார்க்கிற எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

பெற்றவர்கள் மறக்காத இன்னொரு தேதி 2021 டிசம்பர். பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். யாருக்கு என்ன ஆனது என்ற தகவல் சரியாகச் சொல்லப்படவில்லை. வதந்தி பரவ, பெண்கள் ராத்திரியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊரில் இருந்த அம்மாக்களுக்குப் போன் எடுக்காத அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்! ஆலை சில வாரம் மூடி, ஜனவரியில்தான் திறந்தது. "பொம்பளப் புள்ளைங்க, சொன்னதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்" என்ற நினைப்பு அன்றோடு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அதன் பலனை இன்றைக்கு வல்லம் வடகாலில் நேரில் பார்க்கலாம். சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டி, 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்த பெண்கள் விடுதி. 18,720 பேர் தங்கலாம். நம்மூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சியின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவுதான் இருக்கும். இங்கே அது சில கட்டடங்களில், அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே வயதில். ஷிப்ட் மாறும் நேரத்தில் பஸ்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கத் திருவிழா போலத்தான் இருக்கும். சத்தம் மட்டும் குறைவு; பாதிப் பேர் தூக்கக் கலக்கம்.

அடுத்த மாதமே, செப்டம்பரில், சாம்சங் ஆலையில் தொழிற்சங்கம் வேண்டும் என்று ஸ்ட்ரைக். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யும் ஆலை அது. ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டு அக்டோபரில் முடிந்தது. 2025 தொடக்கத்தில் சங்கம் பதிவானது. ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு இதெல்லாம் பயம். கம்பெனி மறுபடி போய்விட்டால்? 2014-ஐப் பார்த்தவர்களின் பயம் அது, கேலி செய்ய முடியாது.

நேரம் இருந்தால் ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கும் போய் வாருங்கள். 1991 மே 21 இரவு அவர் கொல்லப்பட்ட இடம். 2003-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். கல்தூண்கள், புல்வெளி, அமைதி. நடுத்தர வயதுக்காரர்களுக்கு அந்த மறுநாள் காலை நினைவுக்கு வரும். மகளுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு வரி.

மகளைப் பார்க்கப் போகும் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறாக இருக்காது, ஷிப்டைப் பொறுத்து மாறும். முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த பிள்ளையைக் காலையிலேயே எழுப்பிவிடாதீர்கள். அவள் தூங்கட்டும். அந்த நேரத்தில் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தால், மதியம் அவளோடு சாப்பிடலாம். கட்டிக்கொண்டு போன சோற்றை அவள் ரூம் தோழிகளுக்கும் சேர்த்துக் கட்டுங்கள். ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாட்டோடு வர அம்மா பக்கத்தில் இல்லை.

சாயங்காலம் காஞ்சிபுரம் பஸ்ஸில் திரும்பும்போது, சுங்குவார்சத்திரத்தைத் தாண்டியதும் வலது பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கேதான் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏரியும் நெல்வயலும் உள்ள ஊர்கள். அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரம் மக்கள் எதிர்த்துப் போராடத் தொடங்கினார்கள், தங்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று. பஸ் அங்கே நிற்காது. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் பனைமரங்கள்தான் தெரியும்.