மிஸ், ஓகேதானே?

உங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறதா? இந்த மே மாதம் ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று, வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் வைத்தேன். தமிழில் 'ஏ' கிரேடு வாங்கிய என் மகள், 'திருவான்மியூர்' என்று எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போயே போச்சு! வீட்டுக்கு வந்து பாடப் புத்தகத்தைக் கொடுத்தேன். கடகடவென்று வாசித்தாள். புத்தகத்தை மூடினேன், அப்போதும் நிறுத்தவில்லை! அத்தனையும் மனப்பாடம்.

நான் பி.காம். பேலன்ஸ் ஷீட் வருஷக் கடைசி நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். நடந்தது தெரியணும்னா டே புக்கைப் புரட்டணும். கிரேடு கார்டும் அப்படித்தான். டே புக்கைப் பள்ளியில் யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லையே! பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நான் கேட்டதெல்லாம், ''மிஸ், ஓகேதானே?''

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஆசிரியர் பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். ஆக, கேட்பது நம் உரிமை.

அந்த லீவில் தினமும் 15 நிமிஷம், நூலகத்துக் கதைப் புத்தகம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். திணறினால் திட்டு கிடையாது.

ஜூனில் மிஸ்ஸிடம் கேள்வியை மாற்றினேன். ''இந்த வாரம் என்ன நடத்துறீங்க? வீட்ல நான் என்ன செய்யணும்?''

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். ''உட்காருங்க சார்'' என்றார்.

மூன்று வருஷத்தில் முதல்முறையாக!